உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குப் பஞ்சுக் குளிசை: வன்னிக்குச் சரிவருமா?

முத்தையன்கட்டான்:
கேம்பிரிட்ஜில் ரெபேக்கா ஃபிட்ஸ்ஜெரால்டின் குழு உருவாக்கிய பரிசோதனை ஒன்று இருக்கிறது. நூலில் கட்டிய குளிசையை விழுங்க வேண்டும். சில நிமிடங்களில் வயிற்றுக்குள் அதன் ஓடு கரைந்து, உள்ளே இருக்கும் பஞ்சு விரியும். நூலைப் பிடித்து மேலே இழுத்தால் பஞ்சு உணவுக்குழாயின் சுவரை உரசிக்கொண்டு கலங்களை அள்ளி வரும். மயக்க மருந்து வேண்டாம், பழகிய தாதி ஒருவர் போதும். 2020 இல் லான்செட் மருத்துவ இதழில் அவர்களுடைய ஆய்வு வந்தது. நெஞ்செரிவுக்கு நீண்ட காலம் குளிசை எடுத்த 13,000 பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். வழமையான கவனிப்பில் விடப்பட்ட பக்கத்தில் 13 பேருக்குத்தான் பரெட் என்ற, புற்றுக்கு முன்னோடியான மாற்றம் பிடிபட்டது. பஞ்சுக்கு அழைக்கப்பட்ட பக்கத்தில் 140 பேருக்கு.

துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ இருக்கும் ஒருவர் எண்டோஸ்கோப்பிக்கு (வாய்வழியாகக் கமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) என்றால் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏற வேண்டும், துணைக்கு ஒருவரையும் கூட்டிப்போக வேண்டும். பஞ்சு என்றால் கிராமத்து கிளினிக்கிலேயே முடியும். நாங்கள் கேட்டு வாங்க வேண்டிய விஷயம் இது.

வவுனியா ஆய்வுகூடம்:
தம்பி, ஆய்வு நல்ல ஆய்வுதான். ஆனால் அது தேடிய நோய் வேறு, எங்களுடைய நோய் வேறு.

அந்தப் பஞ்சு கொண்டுவரும் கலங்களில் ரி.எஃப்.எஃப்.3 என்ற புரதத்தை நிறமூட்டித் தேடுகிறார்கள். வயிற்று அமிலம் ஓயாமல் மேலே வந்து உணவுக்குழாயின் அடிப்பகுதி குடலைப்போல மாறிவிட்டால்தான் அந்தப் புரதம் தெரியும். அதுதான் பரெட். அதிலிருந்து வருவது சுரப்பிக் கலப் புற்றுநோய். எங்கள் நாட்டில் உணவுக்குழாயில் கூடுதலாக வருவது, அதன் உட்சுவரில் இயல்பாகவே இருக்கும் தட்டையான கலங்களில் தொடங்கும் செதிள் கலப் புற்றுநோய். அதற்குப் பரெட் தேவையில்லை, நெஞ்செரிவும் தேவையில்லை. மல்லாவியில் வெற்றிலை போடும் ஒரு அம்மாவுக்கு இந்தப் பரிசோதனை செய்து "ஒன்றும் இல்லை" என்று துண்டு கொடுத்தால், அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். புற்று உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். பரிசோதனை செய்யாமல் விடுவதைவிட இது மோசம்.

கனகராயன் கரை:
வெற்றிலையைச் சொல்லிவிட்டீர்கள், நானும் சொல்கிறேன். புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் வெற்றிலை பாக்கு வாயிலும் உணவுக்குழாயிலும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் முடிவு சொல்லிப் பல வருடங்கள் ஆகின்றன. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று இன்றைக்கும் எத்தனை பேர் சொல்கிறார்கள்! காரணம் கையில் தெரியும்போது கேம்பிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருப்பது ஏன்? செத்த வீடு, கலியாண வீடு எல்லாவற்றிலும் வெற்றிலைத் தட்டத்தை எடுங்கள். விழுங்க ஏலாது என்று யாராவது சொன்னால் உடனே ஸ்கோப்புக்கு அனுப்புங்கள். காசைப் பஞ்சில் போட வேண்டாம்.

வார்டுத் தாதி:
கனகராயன் ஐயா, வெற்றிலை விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். ஆனால் "விழுங்க ஏலாது என்றால் அனுப்புங்கள்" என்பதில்தான் எங்கள் சனம் செத்துப்போகிறது.

உணவுக்குழாய் விரிந்து கொடுக்கும் குழாய். உள்வழி நன்றாக ஒடுங்கிய பிறகுதான் சோறு தடக்கும். சோறு தடக்கினால் ஆச்சிமார் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை, குழைத்துச் சாப்பிடுவார்கள். பிறகு கஞ்சி. கஞ்சியும் இறங்காத நாளில்தான் உடம்பெல்லாம் வற்றிப்போய் எங்களிடம் கொண்டுவருவார்கள். அந்த நேரத்தில் குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் போடுவதைத் தவிரப் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

நேரத்தோடு வந்தால் கதை வேறு என்பதற்குச் சான்று இருக்கிறது. நெதர்லாந்தின் குரொஸ் ஆய்வில் சத்திரசிகிச்சைக்கு முன் ஐந்து வாரம் மருந்தும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2015 இல் வந்த நீண்டகால முடிவின்படி, செதிள் கலப் புற்று இருந்தவர்களில் நேரடியாகச் சத்திரசிகிச்சைக்குப் போனவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடு தாண்டிய காலம்) 21.1 மாதம், முன்சிகிச்சை பெற்றவர்களுக்கு 81.6 மாதம். ஆனால் வெட்டி எடுக்கக்கூடிய நிலையில் வந்தவர்களுக்குத்தான் அது. எங்கள் ஆச்சிமாரில் எத்தனை பேர் அந்த நிலையில் வருகிறார்கள்?

முத்தையன்கட்டான்:
நன்றி அக்கா. ஆய்வுகூட அண்ணா சொன்ன புரத விஷயம் சரிதான், ஆனால் அது பஞ்சின் குறை இல்லை, பஞ்சில் எதைத் தேடுகிறோம் என்பதன் குறை. பஞ்சு எல்லாக் கலங்களையும்தான் அள்ளுகிறது. ஈரானில் செதிள் கல முன்மாற்றத்துக்கு இதைப் பரிசோதித்திருக்கிறார்கள். சீனாவில் பஞ்சு எடுத்துவந்த கலங்களைக் கணினி முதலில் பார்த்துச் சந்தேகமானதைப் பிரித்துக் கொடுக்கும் முறையைப் பல மாகாணங்களில் செய்து 2023 இல் வெளியிட்டார்கள். அங்கே தேடியதில் எங்களுடைய செதிள் கலப் புற்றும் இருந்தது.

வவுனியா ஆய்வுகூடம்:
அதை ஏற்கிறேன். இப்போது அடுத்த கேள்வி. பஞ்சு சந்தேகம் என்று சொன்ன பிறகு என்ன? உறுதிப்படுத்த எண்டோஸ்கோப்பிதான் வேண்டும். நீங்கள் தப்பிக்க நினைத்த அதே வரிசைக்குத்தான் திரும்பப் போகிறீர்கள். "உங்களுக்குச் சந்தேகமாக இருக்கிறது, மூன்று மாதம் பொறுங்கள்" என்று ஒரு மனிசியிடம் சொல்ல எனக்கு மனம் வராது.

அதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எண்டோஸ்கோப்பி செய்யும்போது லூகோல் அயடீன் கரைசலைத் தெளிப்பது. நல்ல செதிள் கலங்களில் கிளைக்கோஜன் இருப்பதால் கபில நிறம் ஏறும், கெட்டுப்போன இடம் நிறம் ஏறாமல் தனியாகத் தெரியும். வெறும் கண்ணுக்குத் தப்பும் சிறு மாற்றமும் பிடிபடும். சீனாவின் லின்சியன் பக்கம் கிராமம் கிராமமாக இதைத்தான் செய்தார்கள். விலையும் பெரிதில்லை. ஏற்கனவே ஸ்கோப்புக்கு வருகிறவர்களில் வெற்றிலை போடுகிறவர்களுக்கு இதைச் செய்யட்டும்.

வார்டுத் தாதி:
வருகிறவர்களுக்குச் சரி அண்ணா. நான் கவலைப்படுவது வராதவர்களைப் பற்றி. நெடுங்கேணியில் ஐம்பது வயது தாண்டி, நாள் முழுக்க வெற்றிலை போட்டுக்கொண்டு, நோவில்லாமல் இருக்கும் பெண்ணை எந்த லூகோல் பிடிக்கும்?

கனகராயன் கரை:
அந்தப் பெண் நூலை விழுங்கச் சம்மதிப்பாவா? அதை யாராவது கேட்டீர்களா? தொண்டைக்குள் நூல் என்றதும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

முத்தையன்கட்டான்:
கேட்கத்தான் வேண்டும் ஐயா. அதனால்தான் முழு வன்னிக்கும் என்று நான் இனிக் கேட்கவில்லை. யாழ்ப்பாண மருத்துவபீடம் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவை எடுத்து, வெற்றிலை போடுகிறவர்களிடம் மட்டும் ஒரு சிறு ஆய்வு செய்தால் எத்தனை பேர் விழுங்குகிறார்கள், எத்தனை பேருக்குச் சந்தேகம் வருகிறது என்று தெரியும். இந்தப் பக்கத்து ஆட்களில் பார்த்த எண்ணாகவும் இருக்கும்.

வவுனியா ஆய்வுகூடம்:
சந்தேகம் வருகிறவருக்கு இரண்டு கிழமைக்குள் ஸ்கோப் திகதி கொடுப்போம் என்று வைத்தியசாலை எழுத்தில் தரட்டும். தந்தால் நான் கண்ணாடித் தட்டு பார்க்க வருகிறேன். தராவிட்டால் எதிர்த்துத்தான் எழுதுவேன்.