ஹிட்சில் மாட்டும் சைக்கிள் ராக்: தனி ஆளாக ஏற்ற எது சுலபம்? (ராவ்4, ஒன்டாரியோ)

வாணி_மார்க்கம்:

எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் 2021 டொயோட்டா ராவ்4 ஹைபிரிட் இருக்கிறது, பின்னால் ஹிட்ச் (ராக்கோ டிரெய்லரோ மாட்டுவதற்குக் காருக்கு அடியில் பொருத்துகிற இரும்புக் குழாய்) இல்லை, இனிமேல்தான் போட வேண்டும். ஏற்ற வேண்டியது என்னுடைய இ-பைக் (மட்கார்டு வைத்தது, நடுவில் குறுக்குக் கம்பி இல்லாத லேடிஸ் மாடல், எடை 23 கிலோ), மகளின் 24 அங்குல சைக்கிள், மகனின் 20 அங்குல சைக்கிள். கணவரிடமும் ஒன்று இருக்கிறது, ஆனால் அவருக்கு ஷிப்ட் வேலை, அதனால் பெரும்பாலும் நானும் பிள்ளைகளும் மட்டும்தான் கிளம்புவோம், ஏற்றுவதும் இறக்குவதும் முழுக்க என் தலையில்தான். எனக்கு வலது தோளில் வலி உண்டு, உயரமும் குறைவு.

இப்போது வைத்திருப்பது டிக்கிக் கதவில் பட்டை போட்டுக் கட்டுகிற ராக். பிள்ளைகளின் சைக்கிளுக்கு அது போதும், இ-பைக்கை அதில் ஏற்றவே முடியாது. இந்தக் கோடையில் நயாகரா ஆற்றங்கரைப் பாதையில் ஃபோர்ட் ஈரியிலிருந்து மெதுவாகக் கொஞ்ச தூரமாவது பிள்ளைகளோடு ஓட்ட வேண்டும் என்று ரொம்ப ஆசை. எந்த ராக் வாங்கலாம், எவ்வளவு தூக்க வேண்டியிருக்கும், ஹிட்ச் எந்த அளவில் போட வேண்டும்? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

செந்தில்_ஏஜாக்ஸ்:

வணக்கம் வாணி. ஹிட்ச் விஷயத்தை முதலில் சொல்கிறேன். ஒன்றேகால் அங்குலம், இரண்டு அங்குலம் என்று இரண்டு அளவு உண்டு, இரண்டு அங்குலமே போடுங்கள். நல்ல ராக்குகள் பலவும் அதற்குத்தான் வருகின்றன, ஆட்டமும் குறைவு. ஒன்றேகாலில் அடாப்டர் மாட்டிச் சமாளிக்கலாம் என்று கடையில் சொல்வார்கள், ஆனால் அடாப்டர் ராக்கை இன்னும் பின்னுக்குத் தள்ளும், தாங்கும் எடையும் குறையும். அப்புறம் ராக்குக்கு வயரிங் எதுவும் தேவையில்லை, அது டிரெய்லர் இழுப்பவர்களுக்கு. ஹிட்ச் போடும் இடத்தில் வயரிங்கையும் சேர்த்து விலை சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சில கார்களில் பம்பருக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் வெட்டித்தான் பொருத்துவார்கள், முன்கூட்டியே கேட்டு வைத்தால் பிறகு பார்த்துத் திடுக்கிட வேண்டியதில்லை.

ராக் என்று கேட்டால், நாலு பேர் குடும்பத்துக்கு நாலு சைக்கிள் ஏற்றுகிற பிளாட்பார்ம் ராக்கே (சைக்கிள் தட்டின் மேல் நிற்கிற வகை) வாங்கிவிடுங்கள். எங்கள் டொயோட்டா சியன்னா வேனில் அதுதான் இருக்கிறது, இன்றைக்கு உங்கள் கணவர் வராவிட்டாலும் நாளைக்கு வருவார்தானே.

ரூஜ்_பார்க்_அண்ணை:

செந்தில் தம்பி ஹிட்ச் பற்றிச் சொன்னது சரி, ஆனால் நாலு சைக்கிள் ராக் சியன்னாவுக்குத்தான் சரிவரும், ராவ்4க்கு இல்லை. தங்கச்சி, கடைக்குப் போவதற்கு முன் காரின் மேனுவலை எடுத்து டங் வெயிட் என்ற இடத்தைப் பாருங்கள். ஹிட்சின் மேல் கீழ்நோக்கி எவ்வளவு பாரம் அழுத்தலாம் என்பதுதான் அது. சியன்னா 3,500 பவுண்டு இழுக்கும், உங்கள் ராவ்4 ஹைபிரிட் 1,750 பவுண்டுதான். டங் வெயிட் பொதுவாக அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 175 பவுண்டு, கிட்டத்தட்ட 79 கிலோ. ஹிட்ச் மேல் அதைவிடப் பெரிய எண் அச்சடித்திருந்தாலும் காரின் எண்தான் கணக்கு.

இப்போது கூட்டிப் பாருங்கள். நாலு சைக்கிள் பிளாட்பார்ம் ராக் மட்டுமே 40 கிலோவைத் தொடும். உங்கள் இ-பைக் 23, கணவரின் சைக்கிள் ஒரு 13, பிள்ளைகளுடையது இரண்டும் சேர்ந்து 20 என்று வையுங்கள். மொத்தம் 96 கிலோ. அதுவும் காருக்கு ஒட்டினாற்போல் இல்லாமல் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கிற எடை, ஒவ்வொரு குழியிலும் அது ஹிட்சை நெம்பும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு 401 நெடுஞ்சாலையில் போகிற கார், இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

அடுத்து ராக் வகை. சைக்கிளைக் கம்பியில் தொங்கவிடுகிற ராக் விலை குறைவு, ஆனால் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிளைத் தொங்கவிட வேண்டுமென்றால் தனியாக ஒரு போலிக் கம்பி வாங்கி மாட்ட வேண்டும், இ-பைக் எடைக்கு அந்த ராக்குகள் பெரும்பாலும் செய்யப்பட்டவையும் அல்ல, சைக்கிளை மார்பு உயரத்துக்குத் தூக்க வேண்டும், தோள் வலியோடு அது நடக்காது. பிளாட்பார்ம் ராக்கில் சக்கரங்கள் தட்டில் உட்காரும், முழங்கால் உயரத்துக்கு வந்தால் போதும். ஒரே மூச்சில் தூக்கவும் தேவையில்லை. முன்சக்கரத்தை முதலில் தட்டில் வையுங்கள், பிறகு பின்பக்கம் வந்து சீட்டுக்குக் கீழே பிடித்து அந்தப் பாதியைத் தூக்குங்கள், ஒவ்வொரு முறையும் கையில் வருவது பாதி எடைதான்.

அதுவும் கஷ்டம் என்றால் ரேம்ப் (சைக்கிளை உருட்டி ஏற்றுகிற சாய்வுப் பலகை) இருக்கிற ராக்கைப் பாருங்கள். தூலி ஈஸிஃபோல்ட் எக்ஸ்டி 2 என்று ஒன்று, ரேம்ப் அதோடு சேர்ந்தே வரும், ஒரு சைக்கிளுக்கு 65 பவுண்டு வரை தாங்கும், மடித்தால் ஒரு பெட்டி மாதிரி ஆகிவிடும். உங்கள் இ-பைக்கில் நடக்கும்போது தள்ளிவிடுகிற வாக் மோட் இருந்தால் இன்னும் நல்லது, பட்டனை அழுத்தினால் அதுவே ரேம்பில் ஏறும், நீங்கள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். ஏறிய பிறகு பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வையுங்கள், சுமார் 3 கிலோ குறையும், மழையும் படாது. இ-பைக் எப்போதும் காருக்குப் பக்கத்தில் இருக்கிற தட்டில்தான் நிற்க வேண்டும், லேசானது வெளித்தட்டில்.

லேசான ராக் வேண்டும் என்று தேடினால் குவாட் ஷெர்பா 2.0 என்று எல்லோரும் சொல்வார்கள். அருமையான ராக், 32 பவுண்டுதான். ஆனால் ஒரு தட்டில் 40 பவுண்டுக்கு மேல் வைக்கக் கூடாது, உங்கள் இ-பைக் 50ஐத் தாண்டுகிறது. ஆகவே அது கணக்கில் இல்லை.

வாணி_மார்க்கம்:

அண்ணை, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு மிகவும் நன்றி. வாக் மோட் என் சைக்கிளில் இருக்கிறது, இதற்கு உதவும் என்று நான் யோசித்ததே இல்லை. ஆனால் ஈஸிஃபோல்டில் இரண்டுதானே நிற்கும்? எனக்கு மூன்று வேண்டுமே. மகனுடையதை எங்கே வைப்பது?

ரூஜ்_பார்க்_அண்ணை:

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, 20 அங்குல சைக்கிளைக் காருக்குள்ளேயே வைப்பது. ராவ்4இன் பின்சீட் 60/40 ஆகப் பிரியும், சிறிய பக்கத்தை மட்டும் மடித்து, முன்சக்கரத்தைக் கழற்றி, பழைய போர்வை ஒன்றை விரித்து உள்ளே படுக்க வையுங்கள். பிள்ளைகள் இருவரும் பெரிய பக்கத்தில் உட்காரலாம், பூஸ்டர் சீட் இருந்தால் மட்டும் அகலம் போதுமா என்று வீட்டிலேயே வைத்துப் பாருங்கள். இப்படிப் போனால் ராக், பேட்டரி இல்லாத இ-பைக், மகளின் சைக்கிள் எல்லாம் சேர்ந்து 50 கிலோவை ஒட்டித்தான் வரும், 79க்கு நன்றாகவே கீழே.

இரண்டாவது, ஒவ்வொரு தட்டாகச் சேர்த்துக்கொள்கிற ராக். ஒன்அப் என்று அமெரிக்கக் கம்பெனி, அலுமினியம், இரண்டு தட்டோடு வாங்கிப் பிறகு மூன்றாவதைச் சேர்க்கலாம். இரண்டு கைகள் இரண்டு சக்கரங்களையும் டயரில்தான் பிடிக்கும், ஃபிரேமைத் தொடாது. உங்கள் சைக்கிளில் மட்கார்டு இருப்பதால் இதைக் குறித்து வையுங்கள், முன்சக்கரத்தை மேலிருந்து கொக்கி போட்டு அழுத்துகிற ராக்குகளில் சில மட்கார்டை நசுக்கிவிடும். மூன்று தட்டும் மூன்று சைக்கிளும் சேர்ந்தால் 70 கிலோ பக்கம் வரும், எல்லைக்குள்தான், ஆனால் இடைவெளி குறைவு. அப்போது கணவரின் சைக்கிள் கண்டிப்பாக உள்ளேதான்.

தோள் வலிக்கிறது என்றால் நான் முதல் வழியைத்தான் சொல்வேன். மகனின் சைக்கிளை உள்ளே வைப்பது ஐந்து நிமிட வேலை, இ-பைக்கைத் தூக்கித் தோளைக் கெடுத்துக்கொண்டால் கோடை முழுவதும் போய்விடும்.

தீபா_பிராம்ப்டன்:

அண்ணை ராக்கைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார், நான் வாங்கிய பிறகு வருகிற சங்கதிகளைச் சொல்கிறேன் அக்கா.

நம்பர் பிளேட். ஒன்டாரியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி பிளேட் முழுவதும் தெரிய வேண்டும், காரில் மாட்டியிருக்கிற பொருளோ சுமையோ அதை மறைக்கக் கூடாது. பிளாட்பார்ம் ராக்கில் சைக்கிள் நின்றால் நிச்சயம் மறைக்கும். நிறையப் பேர் அப்படியே ஓட்டுகிறார்கள், ஆனால் நிறுத்தினால் டிக்கெட் கொடுக்க போலீசுக்கு முழு உரிமை உண்டு. ராக்கின் பின்பக்கம் பிளேட்டை மாற்றி மாட்டுவதற்கு விளக்கோடு சேர்ந்த தாங்கி தனியாக விற்கிறது, வாங்கும்போதே உங்கள் ராக்குக்குப் பொருந்துகிறதா என்று கேளுங்கள். சைக்கிள் ஏற்றாத நாளில் ராக்கைக் கழற்றிவிடுவதுதான் நல்லது, மாட்டியே விட்டால் பார்க்கிங்கில் பின்னால் வருகிறவரின் கண்ணிலும் அது படாது.

டிக்கி தானாகத் திறக்கிற கதவென்றால் சைக்கிள் ஏற்றியிருக்கும்போது சாவி பட்டனை அழுத்திவிடாதீர்கள், ஹேண்டில்பாரில் போய் இடிக்கும். ராக்கைப் பின்னால் சாய்க்கிற பெடலை அழுத்திச் சாய்த்த பிறகு கையால் திறங்கள். இ-பைக்கோடு சாய்க்கும்போது பாரம் சட்டென்று கீழே வரும், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது சென்சார் ராக்கைப் பார்த்துக் கத்தும், சில கார்களில் பிரேக்கே பிடித்துவிடும், மெனுவில் போய் அதை அணைத்துவிட்டுப் பின்னால் யாரும் இல்லை என்று இறங்கிப் பார்த்து எடுங்கள்.

முதல் தடவை ஓட்டும்போது பக்கத்துப் பிளாசா வரை போய் நிறுத்தி, ஹிட்ச் பின், இறுக்குகிற திருகு, சக்கரப் பட்டை எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள், எல்லாம் ஒருமுறை தளர்ந்துதான் உட்காரும். சைலன்சர் குழாய்க்கு நேராக எந்த டயரும் இருக்கக் கூடாது, சூட்டில் ரப்பர் கெட்டுவிடும்.

குளிர்காலத்தில் ராக்கை மாட்டியே விடாதீர்கள். ரோட்டு உப்பில் ஹிட்ச் குழாய்க்குள் துருப்பிடித்து ராக் அப்படியே ஒட்டிக்கொள்ளும். நவம்பரில் கழற்றி, குழாய்க்குள் கொஞ்சம் கிரீஸ் தடவி, ரப்பர் மூடி போட்டுவிடுங்கள்.

வாணி_மார்க்கம்:

மேனுவலை எடுத்துப் பார்த்தேன், அண்ணை சொன்ன 175 பவுண்டு அப்படியே இருக்கிறது. 60/40 சீட்டையும் மடித்துப் பார்த்தோம், மகனின் சைக்கிள் முன்சக்கரம் கழற்றினால் படுக்கிறது, பூஸ்டரோடு இரண்டு பிள்ளைகளும் உட்கார முடிகிறது. அதனால் ரேம்ப் உள்ள ராக், இரண்டு அங்குல ஹிட்ச், வயரிங் இல்லாமல். சனிக்கிழமை இ-பைக்கைக் கணவரின் நண்பருடைய வேனில் ஏற்றிக் கடைக்கே கொண்டுபோகிறோம், அங்கேயே நான் தனியாக ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டப்போகிறேன்.

ரூஜ்_பார்க்_அண்ணை:

நல்லது தங்கச்சி. கடையில் ஏற்றிப் பார்க்கும்போது பிடிக்கிற கை ஃபிரேமில் எங்கே உட்காருகிறது என்று கவனியுங்கள். குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிளில் சீட் குழாயையோ சாய்வுக் குழாயையோதான் பிடிக்க முடியும், பிரேக் கேபிளையோ பேட்டரி உறையையோ அழுத்தாமல் இறுக்க இடம் கிடைக்க வேண்டும். ஹிட்சுக்கும் சைக்கிளுக்கும் பூட்டு ராக்கோடு வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள், ஃபோர்ட் ஈரியில் சாப்பிட இறங்கும்போது தேவைப்படும்.