சேக்ரோஇலியாக் மூட்டுக்குத் தமிழ்ப்பெயர்: ‘விலகல்’ வேண்டாம்

மடல் 1 (கிருஷ்ணகிரியிலிருந்து)

நண்பர்களுக்கு வணக்கம்.

இடுப்பின் பின்புறமுள்ள மூட்டு சரியாக இயங்காமல் வலிப்பதைக் குறிக்கும் ‘சேக்ரோஇலியாக் ஜாயின்ட் டிஸ்ஃபங்ஷன்’ என்பதற்கு நம் கலைச்சொல் தேடலில் இதுவரை ‘இடுப்பு மூட்டு விலகல்’, ‘திரிக மூட்டுப் பிறழ்வு’, ‘இடுப்பெலும்பு மூட்டுச் செயலிழப்பு’ என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்குத் தடை உண்டு. முதல் சொல்லையாவது எப்படியும் தடுத்துவிட வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இது அகராதியோடு நின்றுவிடாது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் காதில் விழப்போகிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். முதுகெலும்பின் அடியில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றாகச் சேர்ந்து முக்கோணமாக இருப்பது சேக்ரம். அதன் இரு பக்கமும் அகன்று நிற்கும் எலும்பு இலியம். இரண்டும் சேரும் இடம்தான் சேக்ரோஇலியாக் மூட்டு, பக்கத்துக்கு ஒன்று. இடுப்பின் பின்புறம் சிலருக்கு இரு சிறு குழிகள் தெரியும், அந்த மட்டத்தில் உள்ளே இருக்கிறது. தொடையெலும்பின் தலை பொருந்துகிற மூட்டு வேறு. அதைத்தான் தமிழில் ஏற்கெனவே ‘இடுப்பு மூட்டு’ என்கிறோம். ‘இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை’ என்று செய்தித்தாளில் படித்தவரிடம் இதற்கும் அதே பெயரைச் சொன்னால், ஆபரேஷன் என்ற பயத்தோடுதான் வீட்டுக்குப் போவார்.

இப்போது ‘விலகல்’. இந்த மூட்டு எவ்வளவு அசைகிறது என்பதை ஊகத்தில் பேச வேண்டியதில்லை, அளந்திருக்கிறார்கள். 1989இல் ஸ்வீடனில் ஸ்டூரெசன் குழுவினர் எலும்புக்குள் நுண்ணிய உலோகக் குண்டுகளைப் பதித்து எக்ஸ்ரே வழியாகக் கணக்கிட்டபோது சராசரிச் சுழற்சி 2.5 டிகிரி, நகர்வு 0.7 மில்லிமீட்டர். உடம்பிலேயே மிக வலுவான தசைநார்களில் சில இதைச் சுற்றிக் கட்டியிருக்கின்றன. குனிந்து நிமிர்ந்ததற்கெல்லாம் கழன்றுபோகிற மூட்டு இல்லை. 1998இல் டுல்பெர்க் குழுவினர் அதே முறையில் இன்னொன்றைப் பார்த்தார்கள். கையால் ‘சரிசெய்த’ பிறகு எலும்பு இடம் மாறியிருக்கிறதா? மாறவில்லை. கையால் தொட்டுச் செய்யும் பரிசோதனைகளின் முடிவு மட்டும் மாறியிருந்தது. கைச்சிகிச்சையில் வலி குறைவது உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எலும்பு திரும்ப உட்கார்ந்ததால் குறையவில்லை.

எங்கள் பக்கம் குறுக்குவலியோடு வருகிறவர்களிடம் இந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது. “எலும்பு நகர்ந்துருச்சுன்னாங்க சார், குனியவே பயமா இருக்கு.” மாங்காய்க் கூடை தூக்குகிறவர், தரையில் உட்கார்ந்து நாளெல்லாம் புளியில் கொட்டை எடுக்கிற அம்மா, பிரசவமாகிச் சில மாதங்களே ஆன பெண் என்று பலர் இப்படிச் சொல்வார்கள். நகர்ந்துவிட்டது என்று நம்பியவுடன் அசைவைக் குறைத்துக்கொள்கிறார்கள். அசைவு குறைந்தால் தசை சோர்ந்துபோகிறது, வலி நீள்கிறது. நகர்ந்ததை உட்காரவைக்க யாராவது ஒருவரைத் தேடிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். தேர்ந்த கலைச்சொல் என்று நாமே ‘விலகல்’ என்று முத்திரை குத்தினால் அந்தப் பயத்துக்குச் சான்றிதழ் கொடுத்ததாகிவிடும்.

உண்மையான விலகலும் இருக்கிறது. புளி உலுக்க மரமேறி விழுந்தவருக்கு, பெரிய வாகன விபத்தில் சிக்கியவருக்கு இடுப்பு வளையம் உடைந்து இந்த மூட்டு பிளந்துபோகலாம். உள்ளே ரத்தம் கசியும், உயிருக்கே ஆபத்து. ‘விலகல்’ என்ற சொல்லை அதற்கென்று வைத்துக்கொள்வோம்.

அப்படியானால் மற்றவர்களுக்கு என்னதான் கோளாறு? சேக்ரம் இரு இலியங்களுக்கு நடுவே கல் வளைவின் நடுக்கல்போலச் செருகி நிற்கிறது. ஆப்பு வடிவமும் மேடுபள்ளமான பரப்புகளும் சேர்ந்து தாங்குவதை ‘ஃபார்ம் குளோஷர்’ என்றும், தசைகளும் தசைநார்களும் இருபுறமிருந்து அழுத்திப் பிடிப்பதை ‘ஃபோர்ஸ் குளோஷர்’ என்றும் 1990இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். இவற்றுக்கு வடிவப் பூட்டு, விசைப் பூட்டு என்பவை பொருந்தும் என்று நினைக்கிறேன். உடம்பின் பளு முதுகிலிருந்து காலுக்கு இந்த வழியாகத்தான் இறங்குகிறது. கர்ப்பக் காலத்தில் தசைநார்கள் தளர்கின்றன, உடம்பு பளுவைச் சுமக்கும் விதமும் மாறுகிறது. விசைப் பூட்டு கொஞ்சம் சோர்ந்தாலும் கர்ப்பிணிகளுக்கு வலிக்கலாம்.

இதைப் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை 20 செ.மீ. தூக்கச் சொல்வோம். கனமாக இருக்கிறது, முடியவில்லை என்பார். இரு கையாலும் இடுப்பை இருபக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி தூக்கச் சொன்னால் சிலருக்குச் சட்டென்று இலேசாகிவிடும். இடுப்புப் பட்டை யாருக்கு உதவக்கூடும் என்பதை அதிலேயே ஓரளவு ஊகிக்கலாம். அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான். பிட்டத் தசைகளையும் அடிவயிற்றின் ஆழ்தசையையும் படிப்படியாக வலுப்படுத்துவதுதான் சிகிச்சையின் பெரும்பகுதி.

வலி இந்த மூட்டிலிருந்துதான் வருகிறதா என்று உறுதிசெய்வதும் லேசல்ல. எக்ஸ்ரே பெரும்பாலும் உதவாது. மூட்டை வெவ்வேறு திசையில் அழுத்தி, நோயாளிக்குப் பழகிய அதே வலி வருகிறதா என்று பார்க்கும் சோதனைகளில் ஒன்றை மட்டும் நம்பக்கூடாது. குறைந்தது மூன்று சோதனைகளாவது பாசிட்டிவ் ஆனால்தான் சந்தேகம் வலுக்கும் என்பது 2005இல் லாஸ்லெட் குழுவின் முடிவு.

ஆக, என் முன்மொழிவு: மூட்டுக்குப் ‘பின்னிடுப்பு மூட்டு’. கோளாறுக்குப் ‘பின்னிடுப்பு மூட்டு இயக்கக் குறை’. 2021 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடிப் போகிறது. ஓசூர், சூளகிரிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் நிறைய. அந்த வீட்டுத் திண்ணையில் சொன்னாலும் புரிகிற சொல்லாக இருக்க வேண்டும்.

மடல் 2 (தருமபுரியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

தம்பி, மடலைப் படித்தேன். ‘விலகல்’ என்று எழுதியது நான்தான். நீங்கள் சொன்ன காரணத்துக்காக மகிழ்ச்சியோடு விட்டுவிடுகிறேன். பின் + இடுப்பு, தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டித்துப் பின்னிடுப்பு. புணர்ச்சியும் சரி, ஓசையும் சரி.

ஆனால் ‘குறை’ எனக்கு உறுத்துகிறது. நம் ஊரில் உடம்பில் குறை என்றால் பிறவியிலேயே வந்தது, மாறாதது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பயத்தைப் போக்க வந்த சொல் இன்னொரு பயத்தை ஏற்றிவிடக் கூடாது. ‘இயக்கத் தடுமாற்றம்’ எப்படி இருக்கும்? தடுமாறியவர் நிமிர்ந்துவிடுவார் என்ற நம்பிக்கை அதிலேயே இருக்கிறதே.

இன்னொன்று. மூட்டு வீக்கத்தோடு இளவயதில் வரும் முதுகு நோய்க்கும் இதே பெயர்தானா?

மடல் 3 (கிருஷ்ணகிரியிலிருந்து)

ஐயா, மிக்க நன்றி. ‘குறை’ பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி, எடுத்துவிடுகிறேன். தடுமாற்றத்தில் ஒரு சிக்கல்: வயதானவர்களிடம் “தடுமாற்றம் இருக்கிறதா?” என்றுதான் நடையைப் பற்றிக் கேட்கிறோம். தலைசுற்றல், கீழே விழுதல் என்று அவர்கள் நினைப்பு போய்விடும். ‘இயக்கக் கோளாறு’ என்று வைக்கலாமா? கோளாறு சரிசெய்யக்கூடியது என்பது எல்லோருக்கும் தெரியும். பாடநூலுக்கு அது இருக்கட்டும். நோயாளிக்குக் கொடுக்கும் தாளில் ‘பின்னிடுப்பு மூட்டு வலி’ போதும். சோதனையில் நமக்குக் கிடைப்பது வலியைப் பற்றிய சேதிதான், அதற்கு மேல் சொல்வது பல சமயம் ஊகம்.

நீங்கள் கேட்ட நோய் வேறு, ஐயா. அது பின்னிடுப்பு மூட்டு அழற்சி. நாற்பது வயதுக்குள் மெல்லத் தொடங்கும், காலையில் அரைமணிக்கு மேல் விறைப்பு இருக்கும், ஓய்வெடுத்தால் கூடும், நடமாடினால் குறையும். அப்படி வருகிறவரை வெறும் உடற்பயிற்சியோடு அனுப்பிவிடாமல் மூட்டுநோய் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். அடிச்சொல் ஒன்றாக இருப்பதால் வலி, அழற்சி, கோளாறு மூன்றையும் குழப்பாமல் பிரிக்க முடிகிறது. இந்தச் சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்து ‘நியூடேஷன்’. சேக்ரத்தின் மேல்முனை முன்பக்கம் சாய்கிற சிறு அசைவு அது, எதிர்ப்பக்கம் போவது ‘கவுன்டர்நியூடேஷன்’. முன்சாய்வு, பின்சாய்வு என்று குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் இடுப்பு வளையம் முழுதும் சாய்வதையும் நாங்கள் அப்படியே சொல்வதால் இரண்டும் மோதுகின்றன. சேக்ரத்துக்கு மட்டும் வேறு சொல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் யோசித்து எழுதுங்கள், ஐயா.