799 டாலர் மினிமல் போன்: நம்ம ஊர்ல வேலை செய்யுமா?

பொருநைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி நீட் படிக்கிற தம்பிக்கு ஒரு போன் வேணும். பேசணும், எஸ்எம்எஸ் வரணும், தேவைப்பட்டா வழி பாக்கணும். ரீல்ஸ், கேம் எதுவும் ஏறவே கூடாது.

சொந்தக்காரர் ஒருத்தர் மார்கழியில் அமெரிக்காவிலிருந்து வாரார். சமூக வலைத்தளம், உலாவி எதுவும் இல்லாத லைட் போன் 3ங்கிற மினிமல் போனை வாங்கிட்டு வரட்டுமான்னு கேக்கார். விலை 799 டாலர். நம்ம நாட்டு இணையக் கடை ஒண்ணுலயும் 9,500 ரூபாய்க்கு ஒரு 'மினிமல் போன்' விக்குதாங்க. "கவனத்தை மீட்கும் போன், கதிர்வீச்சு குறைவு, பேட்டரி 7 நாள்"னு விளம்பரம்.

எனக்குத் தெரியவேண்டியது: ஜியோ சிம் எடுக்குமா (வீடு அம்பாசமுத்திரம் பக்கம், மலையடிவாரம்)? யுபிஐ உண்டா? தமிழ் ஒழுங்கா தெரியுமா? இவ்வளவு விலைக்கு உள்ளே அப்படி என்னதான் இருக்கு?

---

டவர் அண்ணாச்சி:

தம்பி, விலையை அப்புறம் பாப்போம். முதல்ல சிக்னல்.

ஜியோவுக்கு 2ஜியும் கிடையாது, 3ஜியும் கிடையாது. 4ஜி போன்ல பேச்சு முழுக்க 4ஜி மேல வோல்டி எங்கிற முறையிலதான் போகும். அதனால போன்ல 4ஜி இருந்தா மட்டும் பத்தாது. ஜியோவுக்கான வோல்டி அமைப்பும் அந்த போனோட மென்பொருளுக்குள்ள இருக்கணும். அது இல்லாத வெளிநாட்டு போன்ல சிக்னல் கட்டை முழுசா நிக்கும், டேட்டா ஓடும், ஆனா நம்பரை அழுத்தினா அழைப்பு போகாது. போன் பழுதுன்னு கடைக்குக் கொண்டுபோவாங்க; பழுது எதுவும் இருக்காது. ஏர்டெல், வி சிம்னா வோல்டி இல்லாட்டியும் 2ஜிக்கு இறங்கிப் பேசிரும், மணி அடிக்கச் சில விநாடி கூடுதலா ஆகும்.

அடுத்தது பேண்ட், அதாவது போன் பிடிக்கிற அலைவரிசையோட எண். ஜியோ 4ஜிக்கு 3, 5, 40 வேணும். ஏர்டெலுக்கு 1, 3, 8, 40. பிஎஸ்என்எல் 4ஜிக்கு 1, 28. இதுல 5, 8, 28 மூணும் குறைந்த அலைவரிசை: 850, 900, 700 மெகாஹெர்ட்ஸ். காங்கிரீட் தட்டட்டி வீட்டுக்குள்ளயும், பாபநாசம் தாண்டி மேல ஏறும்போதும் இந்த மூணுதான் கைகொடுக்கும். 40 எங்கிறது 2300 மெகாஹெர்ட்ஸ். டவுன்ல வேகம் தரும், ஆனா ரெண்டு சுவர் தாண்டினா மங்கிரும். அமெரிக்காவுக்குன்னு செய்யுத போன்ல 2, 4, 12, 13, 66, 71 எல்லாம் இருக்கும். அதுல ஒண்ணுகூட நம்ம நாட்டு 4ஜிக்கு உதவாது.

"உலகம் முழுக்க வேலை செய்யும்"னு போட்டிருந்தா அதை நம்பிப் பணம் கட்டாதீங்க. மாடல் எண்ணோட சேத்து பேண்ட் பட்டியலைக் கேளுங்க. கம்பெனிக்கு ஒரே ஒரு கேள்வி எழுதுங்க: இந்தியாவுல ஜியோ வோல்டி சோதிச்சுப் பாத்தாச்சா, ஆமாவா இல்லையா? "வேலை செய்யணும்"னு பதில் வந்தா இல்லைன்னுதான் எடுத்துக்கிடணும். சொந்தக்காரர் கொண்டுவந்து குடுத்துட்டுத் திரும்பிப் போன பிறகு, திருப்பிக் கொடுக்கிற கெடுவெல்லாம் முடிஞ்சிருக்கும்.

---

முருகன்குறிச்சி சர்வீஸ்:

உள்ளே என்ன இருக்குன்னு கேட்டீங்க. லைட் போன் 3ல குவால்காம் ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2 சிப், 6 ஜிபி ராம், 128 ஜிபி, 3.92 அங்குல ஓலெட் திரை, 50 மெகாபிக்சல் கேமரா, 1800 எம்ஏஎச் பேட்டரி. இதே சிப்போட ரெட்மி 12 5ஜி 2023ல 10,999 ரூபாய்க்கு இங்க வந்தது. 799 டாலர்னா ஏறக்குறைய 70 ஆயிரம் ரூபாய். பார்சல்ல வரவழைச்சா சுங்கவரியும், அதுக்கு மேல 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். 15 சதவீதச் சுங்கவரின்னு வச்சுக் கணக்குப் பாத்தாலே 90 ஆயிரத்தைத் தாண்டுது. 2024ல முன்பதிவு தொடங்கும்போது இதே போனை 399 டாலருக்குக் கொடுத்தாங்க.

ஆக, கூடுதல் பணம் பாகத்துக்கு இல்லை. கொஞ்ச எண்ணிக்கையில செய்யும்போது வார்ப்பு அச்சு, சோதனை, சான்றிதழ் செலவெல்லாம் ஒவ்வொரு போன் தலையிலயும் கனமா விழும். அது நியாயமான காரணம்தான். ஆனா அந்தச் சுமையை வாங்குதவர்தான் சுமக்கணும், பழுது வந்தாலும் சேத்து. பேட்டரியை நாமளே மாத்தலாம்னு சொல்லுதாங்க, நல்ல விஷயம். ஆனா அந்த அளவு பேட்டரி நம்ம பக்கத்துக் கடையில கிடைக்காது. தனி லித்தியம் பேட்டரியை வெளிநாட்டிலிருந்து சாதாரணத் தபாலில் அனுப்பவும் முடியாது. திரை உடைஞ்சா அதே கதை. காகிதம் மாதிரித் தெரியுத இ-இங்க் திரை போட்ட போன்னா இன்னும் மோசம்: உள்ளே மெல்லிய கண்ணாடித் தகடு, பேன்ட் பையில வச்சு உக்காந்தாலே கோடு விழும். மாத்தப் பாகம் இல்லைன்னா போனையே தூக்கிப் போடணும்.

9,500 ரூபாய் போனை இதைவிடக் கவனமாப் பாக்கணும். பின்மூடியைக் கழத்தி, பேட்டரியை எடுத்தா கீழ ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். அதுல பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், 'ஆர்' எழுத்துக்குப் பின்னால 8 இலக்கமும் அச்சடிச்சிருக்கணும். பிஐஎஸ் கேர் செயலியில அந்த எண்ணைப் போட்டா எந்தத் தொழிற்சாலை செஞ்சதுன்னு பேரும் முகவரியும் வரும். அதே தொழிற்சாலை போன் வேற பேருல 1,500 ரூபாய்க்குக் கிடைக்குதான்னு தேடுங்க. எண்ணே இல்லைன்னா வாங்கவே வாங்காதீங்க. கூடவே *#06# அழுத்தி போனோட அடையாள எண்ணான ஐஎம்இஐயை எடுத்து, கேஒய்எம் என்ற மூணு ஆங்கில எழுத்து, ஒரு இடைவெளி, பிறகு அந்த 15 இலக்கம் அடிச்சு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க. போன் பேரும் மாடலும் பதிலா வரும். பெட்டியில ஒரு பேரும் எஸ்எம்எஸ்ஸுல ஒரு பேரும் வந்தா, மேலே ஒட்டின பேருக்குத்தான் காசு கேக்காங்க.

இந்த வேலை வெளிநாட்டிலயும் நடந்திருக்கு. 2021ல அமெரிக்காவுல 'ஃப்ரீடம் போன்'னு 500 டாலருக்கு வித்தது, சீனாவோட யுமிடிஜி ஏ9 புரோ. அதோட விலை 120 டாலர் பக்கம்.

கதிர்வீச்சு குறைவுன்னா எவ்வளவுன்னு எண் கேளுங்க. இந்தியாவுல விக்கிற எந்த போனும் உடல் திசு கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது. *#07# அழுத்தினா பல போன்ல அந்த அளவு வரும். பேட்டரி 7 நாள் எங்கிறதையும் கணக்குப் போட்டே பாக்கலாம். 7 நாள்னா 168 மணி. பேட்டரி 1400 எம்ஏஎச்னு வையுங்க, சராசரியா 8 மில்லியாம்பியர்தான் இழுக்கலாம். பேசாம, ஹாட்ஸ்பாட் போடாம, டவர் பக்கத்துல கிடந்தா அது நடக்கும். சிக்னல் மெலிஞ்ச மலையடிவாரத்துல போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைக் குடிச்சிரும்.

---

அம்பை வாசகர்:

லைட் போன்காரர்களை ஃப்ரீடம் போனோடு சேர்த்துப் பேசுவது நியாயமில்லை. நியூயார்க் புரூக்ளினில் இருக்கிற சின்ன நிறுவனம். 2015இல் கிக்ஸ்டார்ட்டரில் தொடங்கி, 2019இல் இரண்டாவது போன், 2025இல் மூன்றாவது போன் என்று சொன்ன பொருளைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். சமூக வலைத்தளம், மின்னஞ்சல், உலாவி எதுவும் கிடையாது என்ற வாக்கையும் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆண்ட்ராய்டின் மேல் அவர்களே கட்டிய லைட்ஓஎஸ் அது. அந்த உழைப்புக்கு மதிப்பு உண்டு.

எனக்கு இருக்கிற சந்தேகம் வேறு. போனில் எந்தக் கருவி (அலாரம், வழிகாட்டி போன்றவை) இருக்கவேண்டும் என்பதை அவர்களுடைய இணையக் கணக்கின் வழியாகத்தான் கூட்டவும் குறைக்கவும் முடியும். நாளைக்கு நிறுவனம் நின்றுபோனால், 70 ஆயிரம் கொடுத்தவர் கையில் எது மிஞ்சும்? இந்தக் கேள்வியை எந்த மினிமல் போனிடமும் கேட்கவேண்டும். இன்னொன்று, தொட்டுப் பணம் கட்ட உதவும் என்எஃப்சி சிப்பை உள்ளே வைத்துவிட்டு அதன் பயன் பின்னால் வரும் என்றார்கள். பின்னால் வரும் என்பதற்கு இன்றைக்கே பணம் கொடுக்கக் கூடாது. வாங்கும் நாளில் எது ஓடுகிறதோ அதற்கு மட்டும்தான் விலை.

தமிழ் பற்றி: எஸ்எம்எஸ்ஸில் தமிழ் அடித்தால் ஒரு செய்திக்கு ஆங்கிலம் மாதிரி 160 அல்ல, 70 குறியீடுதான். 'திருநெல்வேலி' நம் கண்ணுக்கு 6 எழுத்து, போனுக்கு 12 குறியீடு. அதுகூடப் பரவாயில்லை. ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் எழுத்துக்கு இடப்பக்கம் கொண்டுபோய் வைக்கிற மென்பொருள் போனில் இல்லாவிட்டால் 'நெல்லை' சிதறிப்போய்த் தெரியும். எழுத்துருவே இல்லாவிட்டால் வெறும் கட்டம் கட்டமாக வரும். அந்த மாடலில் தமிழ் எஸ்எம்எஸ் திறந்த படம் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். மெனு ஆங்கிலத்தில் இருந்தால் சமாளிக்கலாம், வந்த செய்தி வாசிக்க முடியாவிட்டால் போன் எதற்கு?

---

டவுன் ஐடி:

யுபிஐக்கு வாரேன். லைட் போன்ல நம்ம யுபிஐ செயலி எதுவும் ஏறாது. இருக்கிற வழி யுபிஐ 123பே. 2022 மார்ச்சில ரிசர்வ் வங்கி பட்டன் போனுக்குன்னு கொண்டுவந்தது. 080 4516 3666க்குக் கூப்பிட்டு, மொழி தேர்ந்தெடுத்து, வங்கியை இணைச்சு, டெபிட் கார்டு விவரத்தை வச்சு பின் போடணும். ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரைக்கும் அனுப்பலாம். இணையம் இல்லாம எண் அழுத்தி அனுப்புத *99# வழின்னா 5,000. கடையில கியூஆர் ஸ்கேன் பண்ண ரெண்டுலயும் முடியாது. வங்கி ஓடிபி சாதாரண எஸ்எம்எஸ்தான், அதுக்குக் குறை இல்லை.

தம்பி தேவைக்கு 4ஜி பட்டன் போனே போதும்னு நினைக்கேன். ஜியோபாரத் 2023ல 999 ரூபாய்க்கு வந்தது, யுபிஐ உண்டு, ஆனா ஜியோ சிம் மட்டும்தான் எடுக்கும். நோக்கியா, எச்எம்டி பட்டன் போன் சிலதுலயும் யுபிஐ உள்ளேயே வருது. வாங்கும்போது பெட்டியில 4ஜின்னு இருக்கான்னு பாருங்க. ஒரே பேருல 2ஜி மாடலும் அலமாரியில இருக்கும். அதுல ஜியோ சிம் போட்டா உயிரே வராது.

வழி பாக்கதுக்கு மேப் கட்டாயம்னா, வீட்டுல கிடக்கிற பழைய ஆண்ட்ராய்டையே அடக்கிரலாம். முதல்ல ஃபேக்டரி ரீசெட். ஓலாஞ்சர் மாதிரி எழுத்து மட்டும் காட்டுத லாஞ்சர் (முகப்புத் திரைச் செயலி) போடுங்க. அணுகல்தன்மை அமைப்புக்குள்ள போய்த் திரையைக் கறுப்பு வெள்ளையாக்குங்க. பிறகு பில்ட் நம்பரை 7 தடவை தட்டி டெவலப்பர் ஆப்ஷனைத் திறந்து, யுஎஸ்பி டீபக்கிங் போட்டு, கம்ப்யூட்டர்லேருந்து போனுக்குக் கட்டளை அனுப்புத ஏடிபி வழியா யூடியூப், குரோம், கம்பெனியோட சொந்த உலாவி, கூகுள் செயலி, கம்பெனி ஆப் ஸ்டோர் எல்லாத்தையும் பயனர் கணக்கிலிருந்து நீக்குங்க. பிளே ஸ்டோரைக் கடைசியில நீக்கணும், முதல்லயே எடுத்தா தேவையானதைப் போட முடியாது.

மூணு இடத்துல தப்பு நடக்கும். கூகுள் பிளே சர்வீசஸ், வெப்வியூ ரெண்டையும் தொடக் கூடாது. தொட்டா வங்கிச் செயலி திறக்காது. ஷாவ்மி போன்ல ஃபைன்ட் டிவைசை நீக்கினா லோகோவுலயே நின்னு சுத்தும், ரெகவரியில போய் எல்லாத்தையும் அழிச்சாத்தான் மீளும். வேலை முடிஞ்சதும் டெவலப்பர் ஆப்ஷனை அணைக்கணும், சில வங்கிச் செயலி அது திறந்திருந்தா ஓட மறுக்கும்.

---

பொருநைக்கரை:

ரொம்ப நன்றி அண்ணாச்சிமாரே. ஒரு சந்தேகம். பயிற்சி மையத்துல பாடக்குறிப்பு, தேர்வு நேரம் எல்லாம் வாட்ஸ்அப் குழுவுலதான் போடுதாங்க. சிம்மைப் பட்டன் போன்ல போட்டுட்டு, வீட்டுல அம்மா கிட்ட இருக்கிற வைஃபை போன்ல தம்பி நம்பர் வாட்ஸ்அப்பை ஓட்டலாமா?

---

டவுன் ஐடி:

முன்னால அது நல்ல வழி. பதிவு பண்ணும்போது வருத குறியீடு பட்டன் போனுக்கு எஸ்எம்எஸ்ஸா வரும், அதை இங்க அடிச்சாப் போதும். ஆனா 2025 நவம்பர்ல தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டிருக்கு: பதிவு பண்ணின சிம் எந்த போன்ல இருக்கோ அதுலதான் இந்த மாதிரிச் செயலி ஓடணும், வெப் பக்கம் 6 மணி நேரத்துக்கு ஒருக்கா வெளியேறணும். அந்தப் பழைய வழியை நம்பி இப்போ ஏற்பாடு செய்யாதீங்க.

அம்மா நம்பரையே குழுவுல சேக்கச் சொல்லுங்க. தேர்வு நேரத்தை அம்மா எஸ்எம்எஸ்ஸா அனுப்பிரலாம். பாடக்குறிப்பை வாரத்துக்கு ஒருக்கா அச்சடிச்சு விடுதிக்குக் கொண்டுபோய்க் கொடுங்க. கைஓஎஸ் மென்பொருள் ஓடுத பட்டன் போன்ல வாட்ஸ்அப் உண்டுன்னு யாராவது விக்க வந்தா வாங்காதீங்க. 2024 ஜூனோட அதுல புதுசா இறக்குறதை நிப்பாட்டிட்டாங்க.

---

டவர் அண்ணாச்சி:

போன் வாங்கின அன்னைக்கே விடுதி அறைக்குள்ள வச்சுச் சோதிங்க தம்பி, கடை வாசல்ல வச்சு இல்லை. டேட்டாவை அணைச்சுட்டு வெளியே ஒரு அழைப்பு, வெளியிலேருந்து இந்த போனுக்கு ஒரு அழைப்பு, வங்கி ஓடிபி ஒண்ணு, தமிழ் எஸ்எம்எஸ் ஒண்ணு. நாலும் சரியா வந்தா பில்லைப் பத்திரப்படுத்துங்க. ஒண்ணு தவறினாலும் அன்னைக்கே திருப்பிக் கொடுத்துருங்க.