சி நிரல்: சில வரிகளில் மட்டும் செக்மென்டேஷன் ஃபால்ட்

கேள்வி (பேரணாம்பட்டு): ஊரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றுக்குக் கணக்கு நிரல் எழுதித் தருகிறேன். ஒரு தோலுக்கு ஒரு வரி: எண், தரம், நிறம், சதுர அடி. எஃப்கெட்ஸில் படித்து, ஸ்டர்டோக்கில் கமாவை வைத்துப் பிரித்து, நான்காவது துண்டை, எழுத்தை எண்ணாக்கும் ஏடூஎஃப்க்குக் கொடுக்கிறேன். நன்றாக ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று செக்மென்டேஷன் ஃபால்ட் என்று சொல்லி நின்றுவிடுகிறது. பிரித்த பிறகு வரியை அச்சிட்டால் 217 என்று மட்டும் வருகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

பதில் (ஆற்காடு): வரி நீளமாக இருக்கும். வரியைப் படித்து வைக்கும் பஃபரைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பதில் (காட்பாடி): பஃபரைத் தொட வேண்டாம் தம்பி. ஜிசிசியில் மைனஸ் ஜி போட்டுக் கம்பைல் செய்து, பிழை தேடும் ஜிடிபியில் ஓட்டி, விழுந்ததும் பிடி (bt) என்று அடியுங்கள், எந்த அழைப்பில் விழுந்தது என்று காட்டும். 217-ஆம் தோலின் வரியையும் கோப்பில் இருப்பது போலவே போடுங்கள்.

கேட்டவர்: உச்சியில் ஸ்டர்டூடி என்று ஏதோ லைப்ரரி பெயர், அதற்குக் கீழே என் ஏடூஎஃப் வரி. கோப்பில் இருப்பது:
217,3,,5.25
வெட் ப்ளூ தோல் அண்ணா, இன்னும் சாயம் ஏறவில்லை. அதனால் நிறம் காலி.

பதில் (காட்பாடி): அங்கேதான் இருக்கிறது. லைப்ரரி மேல் தப்பில்லை. ஏடூஎஃப் உள்ளே ஸ்டர்டூடியைத்தான் கூப்பிடுகிறது. அடுத்தடுத்து வரும் கமாக்களை ஸ்டர்டோக் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், காலித் துண்டு தராது. ஆகவே 217, 3, 5.25 வந்ததும் நான்காவதாக வருவது நல் (NULL), எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டி. நல்லை ஏடூஎஃப்க்குக் கொடுத்தால் விழத்தான் செய்யும். நிறத்தை அச்சிட்டுப் பாருங்கள், 5.25 என்று வரும்.

கோப்பு கெடவில்லை. கமா இருந்த இடத்தில், சரம் முடிந்தது என்று குறிக்கும் சுழியத்தை ஸ்டர்டோக் எழுதிவிடுவதால், நினைவகத்தில் உள்ள வரி 217-ஓடு முடிந்துவிடுகிறது. முழு வரி வேண்டுமானால் பிரிக்கும் முன்பே அச்சிடுங்கள்.

லினக்ஸ்தானே? ஸ்டர்டோக்குக்குப் பதில் ஸ்டர்செப் போடுங்கள், காலிக் களத்துக்குக் காலிச் சரம் தரும். கொடுக்கும் சுட்டியை அது நகர்த்திவிடும், அதனால் தனிச் சுட்டி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கமா குறைந்த வரியில் அதுவும் நல்தான் தரும், வந்தது நல்லா (NULL) என்று சோதிப்பதை விட்டுவிடாதீர்கள்.

பதில் (ராணிப்பேட்டை): ஏடூஎஃப்பையும் மாற்றிவிடுங்கள். சதுர அடியில் யாராவது எழுத்தை அடித்துவிட்டால் சத்தமில்லாமல் 0 தரும், மொத்தம் குறைந்துபோகும். நேரடியாக ஸ்டர்டூடியைக் கூப்பிட்டால் எந்த இடத்தில் நின்றது என்று சொல்லும்.

கேட்டவர்: இப்போது கடைசி வரி வரை ஓடுகிறது அண்ணா, மிக்க நன்றி. டேனரி அலுவலகத்தில் விண்டோஸ், மிங்டபிள்யூ கம்பைலர். அங்கேயும் ஸ்டர்செப் இருக்குமா?

பதில் (காட்பாடி): இருக்காது, அது சி தரத்தில் இல்லாதது. ஸ்டர்சிஎச்ஆரால் (strchr) அடுத்த கமாவைத் தேடி, அங்கே சுழியம் வைத்து, அதற்கடுத்த எழுத்திலிருந்து தொடருங்கள். பத்து வரிதான் வரும்.