பிளைவுட் அறுப்பு: கைட் ரெயில் வாங்கலாமா, மரத்தூளை எப்படி அடக்குவது?

சிப்புட்வாசி:
அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு வரிசை வீட்டில் குடியிருக்கிறேன். சமையலறை அலமாரி செய்வதற்காக, 18 மில்லிமீட்டர் கனமுள்ள நான்குக்கு எட்டு அடி பிளைவுட் பலகைகளை வீட்டு போர்ச்சில் வைத்துக் கைவட்ட ரம்பத்தால் அறுத்து வருகிறேன். ஓரங்குல அலுமினிய ஹாலோவை (உள்ளீடற்ற குழாயை) இரு முனைகளிலும் கிளாம்ப் போட்டு இறுக்கி, ரம்பத்தின் அடித்தகட்டை அதனோடு ஒட்டியே தள்ளினாலும், நீளவாக்கில் அறுக்கும்போது நடுவில் இரண்டு மில்லிமீட்டர் வளைவு விழுகிறது. மேல்முகமும் சிலும்பு சிலும்பாகப் பிய்கிறது. அடுத்த வீட்டு அக்கா வேலியோரக் கொடியில்தான் துணி காயப்போடுவார் என்பதால், தூள் பறப்பது பெரிய சங்கடமாக இருக்கிறது. ரம்பத்தை நேர்கோட்டில் ஓட்ட உதவும் கைட் ரெயில் வாங்கினால் இவை தீருமா?

கங்சார் தச்சர்:
தம்பி, வளைவுக்குக் காரணம் ஹாலோதான். முனைகளில் மட்டும் பிடித்திருக்கும் ஓரங்குலக் குழாய், நீங்கள் ரம்பத்தைப் பக்கவாட்டில் அழுத்தும்போது நடுவில் நெளிந்து கொடுக்கும். ஒன்றுக்கு மூன்று அங்குல ஹாலோவைப் படுக்கையாக வைத்தால் அந்த நெளிவு வெகுவாகக் குறையும்.

அதைவிட நல்ல வழி, கைட் ரெயிலை நீங்களே செய்துகொள்வது. ஓரடி அகலமுள்ள 6 மில்லிமீட்டர் பிளைவுட் பட்டையின் மேல், ஆலையில் வெட்டிய நேர் விளிம்புள்ள இன்னொரு பட்டையைப் பசையிட்டுத் திருகுங்கள். அந்த விளிம்பை ஒட்டி ரம்பத்தை ஒருமுறை ஓட்டினால், அடிப்பட்டையின் மிகுதி அறுந்து விழுந்து, எஞ்சிய ஓரமே அறுப்புக் கோடாகிவிடும். அதன்பின் அந்த ஓரத்தைப் பென்சில் கோட்டில் பொருத்துவதுதான் வேலை. அடித்தகட்டுக்கும் பல்லுக்கும் உள்ள தூரத்தை ஒவ்வொரு முறையும் கணக்கிட வேண்டியதில்லை. அதே ஓரம் பலகையின் நார்களை அழுத்திப் பிடிப்பதால் அந்தப் பக்கம் சிலும்பும் குறையும். பின்பக்கம் போதிய அகலம் விடாவிட்டால் கிளாம்ப் மோட்டாரில் இடிக்கும். இந்த ரெயில் அந்த ரம்பத்துக்கும் அந்த பிளேடுக்கும் மட்டுமே உரியது.

பிளேடின் முன்பற்கள் கீழிருந்து மேலாக ஏறி வெளியேறுவதால்தான் மேல்முகம் பிய்கிறது. நல்ல முகத்தைத் தரை பார்க்க வையுங்கள். ரம்பத்தோடு வந்த 24 பல் பிளேடு மரச்சட்டம் அறுப்பதற்குப் போதும், பிளைவுட்டுக்கு 40 அல்லது 60 பல் வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடின் முன்புறமும் பின்புறமும் அடித்தகட்டின் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் உள்ளனவா என்றும் அளந்து பாருங்கள். மாறியிருந்தால் பின்பற்கள் மரத்தை உரசிக் கருக்குவதோடு, ரம்பமும் ரெயிலை விட்டு விலகப் பார்க்கும்.

பலகைக்காரன்:
கடையில் விற்கும் ரெயிலையும் ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். அதன் மேட்டில் ரம்பத்தின் அடித்தகட்டிலுள்ள பள்ளம் அமர்ந்துகொள்வதால், பக்கவாட்டில் அழுத்த வேண்டிய தேவையே இல்லை. ஆனால், அதற்கென்று செய்த ரம்பமோ பொருத்தும் துணைத்தகடோ வேண்டும். 1400 மில்லிமீட்டர் ரெயில் இரண்டை இணைத்தால் 2440 மில்லிமீட்டர் பலகைக்கு இருபுறமும் சற்று மிச்சம் கிடைக்கும். இணைக்கும்போது நேர்கோல் ஒன்றை ஒட்டிவைத்து, நடுவே ஒரு மயிரிழை இடைவெளி விட்டுத்தான் இறுக்க வேண்டும். ஒரு சமையலறைக்காக மட்டும் அவ்வளவு ரிங்கிட்டைக் கொட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஈப்போ மரவேலை:
தூளைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. துணி அழுக்காவது சிறிய விஷயம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்துவிட்டது. ரம்பத்தில் துணிப்பை மட்டும் மாட்டினால் கண்ணுக்குத் தெரியும் தூள்தான் நிற்கும், நுரையீரலுக்குள் போகும் நுண்தூள் தப்பிவிடும்.

ரம்பத்தின் தூள்வாயில் வேக்கம் குழாயைச் செருகி, இடையில் மூடியிட்ட வாளியோடு கூடிய சைக்ளோன் (காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் கூம்பு) ஒன்றை வையுங்கள். பெரும்பகுதித் தூள் வாளியிலேயே விழுந்துவிடுவதால் வேக்கத்தின் வடிகட்டி சீக்கிரம் அடைக்காது. பலகைக்கு அடியில் தடித்த நுரைப்பலகையைப் பரப்பி, பிளேடு 3 முதல் 5 மில்லிமீட்டர் மட்டும் கீழே இறங்குமாறு ஆழத்தை வைத்தால், கீழ்வழியாகச் சிதறும் தூளும் குறையும். ரம்பம் நின்ற பிறகும் சில விநாடிகள் வேக்கம் ஓடட்டும். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் வேக்கத்தால் உறிஞ்சி, ஈரத்துணியால் துடையுங்கள். இவ்வளவு செய்தாலும் என்95 முகக்கவசம் வேண்டும்.

சிப்புட்வாசி:
மிக்க நன்றி. வேக்கம் ஏற்கெனவே உள்ளது, சைக்ளோன் இங்குள்ள ஹார்டுவேர் கடைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) கிடைக்கிறது. ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: ஓரத்தில் ஐந்து மில்லிமீட்டர் மட்டும் சீவும்போதும் தூள் இதே அளவு அடங்குமா?

ஈப்போ மரவேலை:
அடங்காது. முழு அறுப்பில் இருபக்க மரமும் சுவர்போல் நின்று தூளைப் பிளேடின் உறைக்குள் திருப்பிவிடுகின்றன. ஓரம் சீவும்போது வெளிப்பக்கச் சுவர் மெலிந்து, பல இடங்களில் உடைந்தும் விழுவதால் தூள் பக்கவாட்டில் பாய்ந்துவிடும். அதே கனமுள்ள கழிவுப் பலகை ஒன்றை வெளிப்பக்கம் ஒட்டிவைத்து, அதையும் கிளாம்ப்பில் பிடித்து அறுங்கள். வேக்கம் குழாய் ரெயிலின் முனையில் சிக்கி ரம்பத்தைப் பின்னுக்கு இழுக்கும். போர்ச் கூரையில் ஒரு கொக்கி போட்டு மேலிருந்து தொங்கவிடுங்கள். அப்படியும் அக்கா துணியை எடுத்த பிறகு தொடங்குவதே நல்லது.