நீதிபதி நியமனம்: செனட்டருக்கு எழுதுவது நம் வேலையா?

வைகறை:
அமெரிக்காவில் எங்கள் பகுதிக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அதிபர் ஒருவரை முன்மொழிந்திருக்கிறார். செனட் வாக்களித்து உறுதிசெய்தால்தான் பதவி. இப்போது மாவட்ட நீதிபதியாக இருப்பவர். பெயர் வேண்டாம், கட்சிச் சண்டையாகிவிடும். ஆதரவும் எதிர்ப்பும் பலமாக இருப்பதால் அவருடைய தீர்ப்பு ஒன்றையாவது முழுதாகப் படிப்போம் என்று உட்கார்ந்தேன். கிடங்கில் வேலை பார்த்த ஒரு பெண் மேலாளரின் தொல்லை பற்றித் தொடுத்த வழக்கு. நடந்ததையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்திருக்கிறார். 31 பக்கத் தீர்ப்பில் அந்த நோட்டுக்குக் கிடைத்தது 14ஆம் பக்கத்தில் ஒரே பத்தி. வழக்கு ஜூரி முன் போகாமலே தள்ளுபடி. அன்று இரவே இரண்டு செனட்டர்களுக்கும் எழுதிவிட்டேன். நீங்களும் எழுதுங்கள். வாக்குரிமை இல்லாதவர்களும் எழுதலாம், அலுவலகத்தில் கேட்பது முகவரியும் ஜிப் கோடும்தான்.

கடலோடி:
வைகறை, நீங்கள் தீர்ப்பைப் படித்தது பெரிய விஷயம். ஆனால் எல்லாரும் எழுதுங்கள் என்பதை நான் ஏற்கவில்லை. கூட்டாட்சி நீதிபதிகளுக்கு ஆயுள் பதவி கொடுத்ததே கூட்டத்தின் கோபத்துக்குப் பயப்படாமல் தீர்ப்பு எழுதத்தான். அரசியலமைப்பை ஆதரித்து எழுதிய ஹாமில்டன் 1788லேயே இதை விளக்கி எழுதிவிட்டார். 1916இல் உச்ச நீதிமன்றத்துக்கு பிராண்டைஸ் பெயர் வந்தபோது முன்னாள் அதிபர் டாஃப்ட் உட்படப் பெரிய மனிதர்கள் பலர் எதிர்த்தார்கள். நான்கு மாதம் இழுத்து செனட்டில் 47-22 என்று உறுதியானது. 1967இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷலுக்கு 69-11. எதிர்த்த 11 பேரில் பெரும்பாலோர் தெற்கத்திய செனட்டர்கள், தங்கள் ஊர் வாக்காளர் மனம் அறிந்தே அப்படி வாக்களித்தார்கள். மக்கள் சொல்வதைக் கேட்பது எப்போதும் நியாயத்தில் போய் முடியாது.

வைகறை:
அண்ணா, 1930ஐ விட்டுவிட்டீர்களே. ஜான் பார்க்கர் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்டார். கறுப்பின மக்கள் அரசியலில் பங்கேற்பதே தீமை என்று 1920இல் ஆளுநர் தேர்தலில் நின்றபோது அவர் பேசியிருந்ததை வெளியே கொண்டுவந்தது கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கம் (NAACP). தொழிற்சங்கங்களும் சேர்ந்துகொண்டன. செனட்டர்களுக்குக் கடிதமும் தந்தியும் குவிந்தன. 41-39, இரண்டே வாக்கில் தோற்றார். மக்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பேச்சு பழைய செய்தித்தாளோடு மட்கிப் போயிருக்கும்.

கடலோடி:
பார்க்கரைச் சொன்னது நல்லதாயிற்று, கதையை முழுதாகச் சொல்லுங்கள். அவர் மேல்முறையீட்டு நீதிபதியாகவே தொடர்ந்தார். 1940இல் வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில் கறுப்பின ஆசிரியர்களுக்குக் குறைந்த சம்பளம் கொடுத்தது அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பு எழுதியது அதே பார்க்கர்தான். பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு மேடைப் பேச்சை வைத்து ஒரு மனிதரை எடை போட்டது தப்பு என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது.

வைகறை:
முழுக்கதை அதோடு முடியவில்லை. 1951இல் தென் கரோலினாப் பள்ளி வழக்கு பார்க்கர் முன் வந்தது. கறுப்பினக் குழந்தைகளின் பெற்றோர் தொடுத்தது, பிரிக்ஸ் வழக்கு என்பார்கள். மூன்று நீதிபதிகள். வேரிங் மட்டும் இனப்பிரிவினையே தவறு என்று தனியாக எழுதினார். தனிப் பள்ளிகள் செல்லும், வசதியை மட்டும் சமமாக்குங்கள் என்ற பெரும்பான்மைத் தீர்ப்பு பார்க்கருடையது. 1954இல் உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் இனப்பிரிவினையே செல்லாது என்ற பிரௌன் தீர்ப்பில் அதைச் சேர்த்துத்தான் தூக்கிப் போட்டது. சம்பளம் சமமாக வேண்டும் என்று ஒத்துக்கொண்டவருக்கு ஒரே வகுப்பில் குழந்தைகள் சேர்ந்து உட்காருவதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. 1930இல் தந்தி அடித்தவர்கள் பயந்தது இதற்குத்தானே?

மலையருவி:
இரண்டு பேரும் பழைய காலத்திலேயே நிற்கிறீர்கள். 2016இல் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட மெரிக் கார்லண்ட் 293 நாள் காத்திருந்தார். ஒரு விசாரணைகூட நடக்கவில்லை. எத்தனை பேர் எழுதியிருப்பார்கள்! அதே நீதிமன்றத்துக்கு 2018இல் காவனா 50-48, 2020இல் பாரெட் 52-48. எல்லாம் கட்சிக் கணக்கு. என் மாநிலத்தின் இரண்டு செனட்டர்களும் என்ன செய்வார்கள் என்று எனக்கு இப்போதே தெரியும். ஒருமுறை எழுதினேன். ஆறு வாரம் கழித்து ஒரு பதில் வந்தது. நான் எதிர்த்து எழுதியதற்கு, ஆதரவு தெரிவித்ததற்கு நன்றி என்று. அன்றோடு விட்டுவிட்டேன்.

பனிப்பொழுது:
மலையருவி அக்கா, அந்தப் பதில் உங்களை எவ்வளவு நோகடித்திருக்கும் என்று புரிகிறது. ஒரு கோடை முழுக்க ஒரு செனட்டர் அலுவலகத்தில் இன்டர்னாக இருந்தேன். எங்கள் கையாலும் அந்த மாதிரித் தப்புகள் நடந்திருக்கின்றன. போன் வந்தால் பெயர், ஜிப் கோடு, ஆதரவா எதிர்ப்பா என்று குறிப்போம். மாலையில் எண்ணிக்கை மேலே போகும். அமைப்புகள் தயாரித்துக் கொடுக்கும் ஒரே வாசகம் நூற்றுக்கணக்கில் வந்தால் முதல் வரியைப் பார்த்ததுமே ஒரே கட்டில் போட்டுவிடுவோம். ஆனால் சொந்தமாக எழுதிய கடிதத்தை நிறுத்திப் படிப்போம். ஊனமுற்றோர் உதவித்தொகைக்காக நீதிமன்றம் ஏறி இறங்கிய ஒருவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். நீதித்துறை விவகாரங்களைப் பார்க்கும் உதவியாளர் அதை வாங்கி, மஞ்சள் பேனாவால் கோடு போட்டு, கோப்பில் வைத்துக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். செனட்டர் அதைப் படித்தாரா என்பது வேறு விஷயம்.

அப்புறம் ஒன்று. தாள் கடிதம் போடாதீர்கள். 2001 ஆந்த்ராக்ஸ் கடிதங்களுக்குப் பிறகு தலைநகருக்குப் போகும் தபால் சோதனை முடிந்து தாமதமாகத்தான் மேசைக்கு வரும். இணையதளப் படிவம் அல்லது போன். பிரதிநிதிகள் சபை உறுப்பினருக்கும் எழுத வேண்டாம், நியமனத்தில் அவருக்கு வாக்கே இல்லை.

வைகறை:
மலையருவி அக்கா, எல்லாம் கட்சிக் கணக்கு என்று விட்டுவிடாதீர்கள். 2005இல் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட ஹாரியட் மையர்ஸ் பெயர் மூன்றரை வாரத்தில் திரும்பப் போனது அதிபரின் சொந்தக் கட்சிக்காரர்கள் எதிர்த்ததால். 2022இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஜாக்சனுக்கு, எதிர்க்கட்சியிலிருந்தே மூன்று குடியரசுக் கட்சி செனட்டர்கள் வாக்களித்தார்கள். மாவட்ட நீதிபதி என்றால் உள்ளூர் செனட்டர் தன் சம்மதத்தைத் தெரிவிக்கும் நீலச் சீட்டு இல்லாமல், பெயரை விசாரிக்கும் செனட்டின் நீதித்துறைக் குழு பொதுவாக நகராது. அங்கே ஒரு செனட்டரின் மனம் மாறினாலே போதும்.

கடலோடி:
1992ஐயும் சொல்லிவிடுங்கள். பாலியல் தொல்லைப் புகாருக்கு ஆளான கிளாரன்ஸ் தாமஸை 1991இல் உச்ச நீதிமன்றத்துக்கு உறுதிசெய்ய வாக்களித்த இல்லினாய் செனட்டர் டிக்சன், அந்தக் கோபத்தில் களமிறங்கிய கேரல் மோஸ்லி பிரானிடம் உட்கட்சித் தேர்தலில் தோற்றார். கடிதத்துக்கு மரியாதை கிடைப்பது அதன் வாதத்துக்காக இல்லை, பின்னால் நிற்கும் தேர்தலுக்காக. அதுதான் என்னை உறுத்துகிறது. நாளை ஒரு நல்ல மாவட்ட நீதிபதி, இந்தத் தீர்ப்பு எழுதினால் மேலே போகும்போது கடிதம் வருமே என்று பேனாவை நிறுத்தினால்?

வைகறை:
அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் தீர்ப்பின் முடிவைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை. அந்தப் பெண் தோற்றிருக்கலாம், சட்டம் அப்படியே இருக்கலாம். சாட்சியத்தை ஏன் ஒரே பத்தியில் ஒதுக்கினீர்கள் என்று குழு விசாரணையில் கேளுங்கள் என்று மட்டும் எழுதினேன். ஆயுள் முழுக்க யாரும் கேள்வி கேட்க முடியாத நாற்காலியில் உட்காரப் போகிறவரை, உட்காருவதற்கு முன்னால் ஒரே ஒருமுறை கேட்கச் சொல்கிறேன்.

கடலோடி:
அப்படிக் கேட்கச் சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. வழக்கு எண்ணை அனுப்புங்கள், நானும் படிக்கிறேன். ஆனால் படித்த பிறகு அவரை ஆதரித்து எழுதவும் எழுதுவேன்.

வைகறை:
தனிச்செய்தியில் அனுப்பிவிட்டேன் அண்ணா. விசாரணை புதன்கிழமை. 14ஆம் பக்கத்துக்கு நேரே போகாதீர்கள், 9இல் தொடங்குங்கள். நோட்டில் அவர் என்ன எழுதியிருந்தார் என்பது அங்கேதான் வருகிறது.