புதுப்பிப்பு: கிருஷ்ணகிரியிலிருந்து குறைந்த செலவில் ஏலகிரி போய் வந்தோம்

ஐந்து பேர், 8,000 ரூபாய்க்குள் இரண்டு நாள் மலைப்பயணம் முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஊட்டியை விட்டுவிட்டு ஏலகிரிக்கு, அதுவும் வார நாளில் போகச் சொன்ன அண்ணனின் யோசனைதான் கைகொடுத்தது. திருப்பத்தூர் போய் பஸ் மாறினோம். செவ்வாய்க்கிழமை என்பதால் அறை வாடகையைப் பேசிக் குறைக்க முடிந்தது. மொத்தம் 6,700 ரூபாய்தான் ஆனது.

எதிர்பார்க்காதது, 14 கொண்டை ஊசி வளைவுகளில் அம்மாவுக்குக் குமட்டல் வந்துவிட்டது. நல்லவேளை, எலுமிச்சம்பழம் கையில் இருந்தது. அப்புறம், ஜலகாம்பாறை அருவியில் தண்ணீரே இல்லை. அருவிக்காகவே போகிறவர்கள் மழைக்குப் பிறகு போங்கள். பிள்ளைகளுக்குப் புங்கனூர் ஏரியில் படகுச் சவாரியே போதுமாக இருந்தது, இறங்கவே மனமில்லை. மே மாதமானாலும் விடியற்காலையில் போர்வை தேவைப்பட்டது.